சாவி தொலைந்த மாலையும் லூக்கா 15-ஆம் அதிகாரமும்: வீட்டிலும் வேதத்திலும் பாடம் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு மாலை வீட்டுச் சாவி காணாமல் போயிற்று. அரை மணி நேரம் அலமாரி, மெத்தையடி, துணிக்கூடை என்று எல்லாவற்றையும் புரட்டிப் போட்டேன். புரட்டிய வேகத்தில் இளையவனைத் திட்டினேன், மூத்தவளைத் திட்டினேன், "எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாதா" என்று கணவரையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில் சாவி என் கைப்பையின் உள்ளறையில் இருந்தது.

அன்றிரவு குடும்ப ஜெபத்தில் வாசிக்க வேண்டிய பகுதி லூக்கா 15. பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்த பெண் விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி, கண்டுபிடிக்கும்வரை தேடுகிறாள். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "பார்த்தீர்களா, நாம் சாவியைத் தேடியது போலத்தான் கடவுள் நம்மைத் தேடுகிறார்" என்று ஆரம்பித்தேன். மூத்தவள் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "அந்தப் பெண் தேடும்போது யாரையாவது திட்டினாளா, அம்மா?"

திட்டவில்லை. மறுபடியும் வாசித்துப் பார்த்தேன். தேடும்போது யாரையும் வையவில்லை. கிடைத்த பிறகு சிநேகிதிகளையும் அயல்வீட்டாரையும் கூப்பிட்டுச் சந்தோஷப்படுகிறாள், அவ்வளவுதான். பிள்ளைகளுக்குச் சொல்லித்தர நான் எடுத்த பாடம் என் பக்கமே திரும்பி நின்றது.

அன்றாட வாழ்வில் கிறிஸ்தவப் பாடம் தேடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால் பெரும்பாலும் தேடுவது அடுத்தவருக்கான பாடத்தை. அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு, வீட்டில் நடப்பதையும் வேதத்தில் வாசிப்பதையும் நேர்மையாக அருகருகே வைத்துப் பார்ப்பது எப்படி என்று படிப்படியாக எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகத் தட்டுத்தடுமாறி உருவான முறை இது. உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

முதல் படி: நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். வாரத்தில் மூன்று நாளாவது, வீட்டில் நடந்த ஒரு சிறு சம்பவத்தை நான்கைந்து வரிகளில் எழுதுங்கள். தேதி போடுங்கள். வசனம் எழுதாதீர்கள், பாடமும் எழுதாதீர்கள். இந்தக் கட்டுப்பாடு முக்கியம். முதலிலேயே பாடத்தை எழுதிவிட்டால் சம்பவத்தைப் பார்ப்பதை மனம் நிறுத்திவிடுகிறது.

என் பழைய நோட்டில் ஒரு குறிப்பு: "இன்று பிள்ளைகள் சுயநலமாக நடந்துகொண்டார்கள். விட்டுக்கொடுக்கக் கற்க வேண்டும்." இதை வைத்துக்கொண்டு இன்று என்னால் எதுவும் செய்ய முடியாது. என்ன நடந்தது என்றே நினைவில்லை. பிறகு எழுதிய இன்னொரு குறிப்பு இது: "பயணத்தில் ஜன்னலோர இருக்கைக்கு இருவரும் சண்டை. இளையவன், 'எப்போதும் அக்காவுக்குத்தான்' என்றான். நான் யோசிக்காமல், 'நீ சின்னவன்தானே, பேசாமல் இரு' என்றேன். அவன் அழவில்லை. பின்னால் போய் உட்கார்ந்து வழி முழுவதும் பேசவில்லை." இதில் தீர்ப்பு எதுவும் இல்லை. ஆனால் ஒரு வருடம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் அந்தப் பிள்ளையின் முகம் தெரிகிறது.

எதை எழுதுவது? ஒரே சண்டை மூன்றாவது முறை வந்தால் எழுதுங்கள். நினைக்காமல் வாயிலிருந்து விழுந்த வார்த்தையை எழுதுங்கள். பேசக்கூடியவர் பேசாமல் போனதை, யாரும் பார்க்காதபோது ஒருவர் செய்த உதவியை, நீங்கள் பொய் சொன்ன இடத்தை எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதை எழுதக் கை வராது. எனக்கும் வரவில்லை, சில மாதங்கள் ஆயின.

உபாகமம் 6-ஆம் அதிகாரத்தில் கர்த்தரின் வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர நான்கு நேரங்கள் குறிக்கப்படுகின்றன: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்பும்போது. நான்கில் ஒன்றுகூட வகுப்பறை நேரம் அல்ல. அதற்கு முந்திய வசனத்தைத்தான் நாம் தாண்டிப் போய்விடுகிறோம். அந்த வார்த்தைகள் முதலில் "உன் இருதயத்தில்" இருக்க வேண்டும் என்று அங்கே சொல்லப்படுகிறது. பிள்ளைகளின் முறை அதற்குப் பிறகுதான் வருகிறது.

இரண்டாம் படி: வசனத்தைப் பொறுக்காமல் பகுதியாக வாசியுங்கள்

கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை இன்றைய வார்த்தையாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. யாரையும் குறை சொல்லவில்லை, நானும் செய்ததுண்டு. ஆனால் தூரத்திலிருக்கும் மகன் ஒரு கடிதம் எழுதினால், அதில் நடுவே ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு மடித்து வைப்போமா?

நாம் காணும் அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டின் இப்போதைய வசன எண்கள் 1551-இல் அச்சான ஒரு பதிப்பில் தொடங்கின. அப்போஸ்தலனான பவுல் சபைகளுக்குக் கடிதம் எழுதியபோது எண்களே கிடையாது. சபையில் ஒருவர் முழுக் கடிதத்தையும் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். எண்கள் இடத்தைக் கண்டுபிடிக்க உதவும். அவை சிந்தனையின் எல்லை அல்ல.

திருமணங்களில் தவறாமல் வாசிக்கப்படும் 1 கொரிந்தியர் 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது என்று சொல்லும் அந்த அதிகாரம், யாருக்கு எந்த வரம் பெரியது என்று போட்டி போட்டுக்கொண்டிருந்த ஒரு சபைக்கு எழுதப்பட்டது. 12-ஐயும் 14-ஐயும் சேர்த்து வாசித்தால் இது தெரிந்துவிடும். மணமேடையைவிட, யார் அதிகம் வேலை செய்கிறார்கள் என்று கணக்குப் பார்க்கும் சமையலறைக்கு அது இன்னும் பொருத்தமாக இருக்கிறது.

எரேமியா 29:11-உம் அப்படித்தான். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்ற வசனம் எத்தனையோ சுவர்களில் தொங்குகிறது. பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தில் வரும் வரி அது. அதற்கு முந்திய வசனம் எழுபது வருடம் என்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பிப்போகும் நாளைக் காணமாட்டார்கள். அதுவரை அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள் என்று அதே கடிதம் சொல்கிறது. தேர்வு முடிவுக்கு முந்தின நாள் வாசிக்கும்போது கிடைக்கும் ஆறுதலைவிட இது ஆழமானது, கடினமானதும்கூட.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: மாற்கு சுவிசேஷம். நான்கில் மிகச் சிறியது, 16 அதிகாரங்கள்தான். அடுத்ததாக ஆதியாகமம் 12 முதல் 50 வரை, ஏனென்றால் அது முழுக்க முழுக்க ஒரு குடும்பத்தின் கதை, அழகுபடுத்தப்படாத கதை. நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள் இருப்பதால் தேதிக்கு ஒன்று என்று பலர் வாசிப்பார்கள். நல்லதுதான், ஆனால் வேகமாகப் போய்விடும், ஒரு நாளுக்கு ஐந்து வசனம் போதும். சங்கீதங்களை இடையிடையே வாசியுங்கள். பலிமுறைச் சட்டங்கள் நிறைந்த லேவியராகமத்தில் தொடங்கினால் இரண்டாம் வாரத்தில் நோட்டு மூலைக்குப் போய்விடும், இது அனுபவம்.

வாசிக்கும்போது மூன்று கேள்விகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யார், யாரிடம், எந்த நெருக்கடியில் பேசுகிறார்? இந்தப் பகுதியில் கடவுள் எப்படிப்பட்டவராகத் தெரிகிறார்? எந்த வரி என்னை உறுத்துகிறது? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத நாள் உண்டு. அன்று மூடி வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். உறுத்தாத நாளில் உறுத்தியதாக நடிக்க வேண்டாம். வாக்கியம் புரியவில்லை என்றால் இன்னொரு தமிழ் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், பாதிச் சிக்கல் அதிலேயே தீர்ந்துவிடும்.

மூன்றாம் படி: இரண்டையும் சந்திக்க விடுங்கள்

வாரத்தில் ஒரு நாள் நோட்டையும் வேதாகமத்தையும் ஒன்றாகத் திறந்து வையுங்கள். ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் வேதம். அவசரப்படாமல் இரண்டையும் வாசியுங்கள். சில வாரம் எதுவும் நடக்காது. சில வாரம் ஒரு சம்பவமும் ஒரு பகுதியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும்.

ஜன்னலோர இருக்கைக் குறிப்பை எழுதி நாலைந்து மாதம் கழித்துத்தான் ஆதியாகமத்தில் யாக்கோபின் குடும்பத்துக்கு வந்தோம். தகப்பன் ஈசாக்கு மூத்தவன் ஏசாவை நேசித்தான், தாய் ரெபெக்காள் இளையவன் யாக்கோபை நேசித்தாள் என்று 25-ஆம் அதிகாரம் மிகச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறது. அந்தப் பாரபட்சத்தால் அடிபட்ட யாக்கோபு வளர்ந்து தகப்பனாகி, அதையே செய்கிறான். மகன்களில் யோசேப்புக்கு மட்டும் பலவருண அங்கி. அந்த அங்கி எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதுவரை தெரியாமல் இருந்தது 33-ஆம் அதிகாரத்தின் தொடக்கம். யாக்கோபு முன்பு ஏமாற்றிய அண்ணன் ஏசா நானூறு பேரோடு வருகிறான், என்ன செய்வானோ என்ற பயம். யாக்கோபு தன் குடும்பத்தை வரிசையாக நிறுத்துகிறான்: பணிவிடைக்காரிகளும் அவர்கள் பிள்ளைகளும் முன்னால், அடுத்து மனைவி லேயாளும் அவள் பிள்ளைகளும், எல்லோருக்கும் பின்னால், பத்திரமான இடத்தில், அவன் அதிகம் நேசித்த மனைவி ராகேலும் அவள் மகன் யோசேப்பும். முன்வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு எதுவும் புரியாமலா இருந்திருக்கும்? அங்கி வருவதற்கு முன்பே அவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

நான் என் பிள்ளைகளை இருக்கைகளில் எப்படி வரிசைப்படுத்துகிறேன் என்று அன்று யோசித்தேன்.

கதை அங்கே நிற்கவில்லை. 37-ஆம் அதிகாரத்தில் யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னவன் அவன் அண்ணன்களில் ஒருவனான யூதா. இருபது வெள்ளிக்காசுக்கு விற்கிறார்கள். 44-ஆம் அதிகாரத்தில், எகிப்தில், இப்போது ராகேலின் இளைய மகன் பென்யமீனை அடிமையாக விட்டுவிட்டுப் போகும் நிலை. யூதா முன்வந்து பேசுகிறான். தகப்பன் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறான்: என் மனைவி எனக்கு இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள் என்று எங்கள் தகப்பன் சொன்னார். யூதா லேயாளின் மகன். அந்த வாக்கியத்தில் அவனுக்கும் அவன் தாய்க்கும் இடமே இல்லை. தகப்பன் இத்தனை ஆண்டுகளிலும் மாறவில்லை. ஆனாலும் அந்த வாக்கியத்தைக் கசப்பில்லாமல் சொல்லிவிட்டு, தம்பிக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளுங்கள் என்கிறான். மாறியவன் யூதா.

இதிலிருந்து "பிள்ளைகளிடம் பாரபட்சம் காட்டாதீர்கள்" என்று ஒரு வரி எடுத்து எழுதலாம். சரியான வரிதான். ஆனால் அதற்கு யூதா தேவையில்லை, எந்தப் பெரியவரும் சொல்லிவிடுவார். எனக்குக் கிடைத்தது வேறு: வீட்டில் நடந்த அநியாயம் சரிசெய்யப்படாமலே இருந்தாலும், அதில் அடிபட்ட ஒருவரிடம் கடவுள் வேலை செய்ய முடியும். அது எனக்குச் சாக்கு ஆகக் கூடாது என்பதால், இளையவனிடம் போய், "அன்றைக்கு நான் சொன்னது தவறு" என்று சொன்னேன். அவனுக்கு அந்த நாளே நினைவில்லை. இருந்தாலும் சொன்னேன்.

இன்னொரு சம்பவம். என் மாமியாருக்கு ஞாபக மறதி. ஒரே கேள்வியை ஒரு மணி நேரத்தில் எட்டு முறை கேட்பார். ஒன்பதாவது முறை நான் கத்திவிட்டேன். அதை நோட்டில் எழுதினேன். சில நாளில் ஏசாயா 46-க்கு வந்தோம். நரைவயது வரைக்கும் நான் உங்களைத் தாங்குவேன் என்று கர்த்தர் சொல்லும் வரி முதியோருக்கான ஆறுதல் வாக்காக எல்லோருக்கும் பழக்கம். அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தால், பாபிலோனின் தெய்வங்களான பேலும் நேபோவும் மிருகங்களின் முதுகில் பாரமாக ஏற்றப்பட்டுப் போகும் காட்சி முதலில் வருகிறது. அவை சுமக்கப்படுகின்றன, தாயின் வயிற்றிலிருந்து உங்களைச் சுமந்தவர் நான் என்கிறார் கர்த்தர். யார் யாரைச் சுமக்கிறார்கள் என்பதுதான் அங்கே கேள்வி. மாமியாரைச் சுமப்பது நான் என்று நினைத்துக் களைத்துப்போயிருந்தேன். அதைப் படித்த பிறகு கத்துவதே இல்லை என்று சொல்லமாட்டேன். குறைந்திருக்கிறது.

பாடம் என்று ஒன்று தோன்றியதும் அதைச் சோதித்துப் பாருங்கள். வேதப்பகுதி உண்மையிலேயே இதைச் சொல்கிறதா, நான் அதன் வாயில் திணிக்கிறேனா? சாத்தான்கூட 91-ஆம் சங்கீதத்தை மேற்கோள் காட்டினான், மத்தேயு 4-இல் பாருங்கள். வசனம் சரியாக இருந்தது, பயன்படுத்திய விதம்தான் கோணல். அடுத்து, இந்தப் பாடம் யாரைக் குற்றவாளி ஆக்குகிறது? எப்போதும் மற்றவர்களைத்தான் என்றால் சந்தேகப்படுங்கள். அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரனின் கதையைத் தீர்க்கதரிசி நாத்தான் சொன்னார்; அதைக் கேட்டுத் தாவீது கொதித்தெழுந்தது வேறொருவன் மேல். "நீயே அந்த மனுஷன்" என்ற வார்த்தை வரும்வரை அவனுக்கு உறைக்கவில்லை.

சாவி கிடைத்தது, பஸ் நிற்காமல் போனது, மழை நின்றது என்று எல்லாவற்றுக்கும் ஒரு தனிச் செய்தி இருப்பதாக எண்ண வேண்டியதில்லை. சில நாள் சாவி வெறும் சாவிதான்.

நான்காம் படி: குடும்பமாகப் பேசுங்கள், பிரசங்கம் வேண்டாம்

குடும்ப ஜெபத்துக்குப் பதினைந்து நிமிடம் தாராளம். சிறு பிள்ளைகள் இருந்தால் ஏழெட்டு நிமிடம். ஒருவர் வாசிக்கட்டும், இன்னொருவர் அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லட்டும், ஒரு கேள்வி, ஒரு சிறு ஜெபம். வாரத்தில் நான்கு நாள் நடந்தாலே பெரிய விஷயம். விட்டுப்போன நாளுக்காகக் குற்ற உணர்வை வளர்க்க வேண்டாம்.

கேள்விதான் இதன் உயிர். யோசுவா 4-இல், இஸ்ரவேலர் யோர்தான் ஆற்றைக் கடந்த பிறகு பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு கல்லைத் தோளில் சுமந்து வருகிறார்கள். எதற்காக? பின்னாளில் பிள்ளைகள் "இந்தக் கற்கள் என்ன?" என்று கேட்பதற்காக. பிள்ளைகள் கேட்கட்டும் என்று கற்களை வைத்துவிட்டுக் காத்திருக்கச் சொல்கிறது அந்தப் பகுதி. நாமோ கேட்காத கேள்விக்குப் பதிலை ஆயத்தமாக வைத்திருக்கிறோம்.

ஐந்து வயதுப் பிள்ளையிடம் "இந்தக் கதையில் நீ யாராக இருக்க விரும்புகிறாய்?" என்று கேளுங்கள். பத்து வயதில், "இதில் எது நியாயமாகப் படவில்லை?" பதினைந்து வயதைத் தாண்டியவர்களிடம் கேட்பதைவிட, உங்கள் நோட்டிலிருந்து உங்கள் தவறு ஒன்றை வாசித்துக் காட்டுவது அதிகம் பலிக்கும். அவர்கள் எதுவும் சொல்லாமல் எழுந்து போவார்கள். போகட்டும், காதில் விழுந்திருக்கும்.

லூக்கா 2-ஐ எல்லா வயதுக்கும் சிபாரிசு செய்கிறேன். பன்னிரண்டு வயது இயேசு எருசலேமில் தங்கிவிடுகிறார். யோசேப்பும் மரியாளும் ஒரு நாள் பயணதூரம் போனபிறகுதான் பிள்ளையைத் தேடத் தொடங்குகிறார்கள், உறவினர் கூட்டத்தில் இருப்பான் என்று நினைத்து. மூன்று நாள் கழித்துத் தேவாலயத்தில் கண்டுபிடிக்கிறார்கள். "மகனே, ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய்?" என்று தாய் கேட்கிறாள், எந்த வீட்டிலும் கேட்கும் குரல் அது. மகன் சொன்ன பதில் அவர்களுக்குப் புரியவில்லை என்று லூக்கா ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறார். மகன் அவர்களோடு திரும்பிப் போய்க் கீழ்ப்படிந்திருக்கிறார். தாய் அந்தச் சங்கதிகளையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறாள். புரியாமல் இருப்பதும் மனதில் வைத்திருப்பதும் ஒரே பெண்ணிடம். வளரும் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோருக்கு இதைவிடப் பெரிய துணை எனக்குத் தெரியாது.

இனி இரண்டு எச்சரிக்கை. ஒன்று, ஜெபத்தில் திட்டாதீர்கள். "ஆண்டவரே, இவனுக்குக் கீழ்ப்படிகிற இருதயத்தைத் தாரும்" என்று ஒரு கண்ணைத் திறந்து மகனைப் பார்த்தபடி ஜெபிப்பதைக் கடவுளும் அறிவார், மகனும் அறிவான். உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று கொலோசெயர் 3:21 சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்கிறது என்பது என் கட்சி. இரண்டு, வீட்டில் நடந்ததைப் பிள்ளையின் அனுமதி இல்லாமல் சபையில் சாட்சியாகச் சொல்லாதீர்கள். உங்களுக்கு அது சாட்சி, அவளுக்கு அது அவமானம். ஒருமுறை அப்படிச் செய்தால், அதன் பிறகு அந்தப் பிள்ளை உங்களிடம் எதையும் சொல்லாது.

ஐந்தாம் படி: ஒரு நாளுக்குள் ஒரு செயல்

வசனத்தைக் கேட்டும் அதன்படி செய்யாதவன், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனதும் சாயலை மறந்துவிடுபவனைப் போல என்கிறது புதிய ஏற்பாட்டின் யாக்கோபு நிருபம். அதனால் பாடம் கிடைத்த அடுத்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அதன் பெயரில் ஒரு சிறு காரியம் செய்துவிடுங்கள். சிறியது என்பது முக்கியம். "இனி கோபப்படமாட்டேன்" என்பது செயல் அல்ல. "நாளை காலை மகளை எழுப்பும்போது பெயரை மட்டும் சொல்லி எழுப்புவேன்" என்பது செயல்.

மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தால் அதை முதலில் செய்யுங்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறது மத்தேயு 5. ஆராதனைக்குப் போகும் அவசரத்தில்தான் எங்கள் வீட்டில் பெரும்பாலான சண்டைகள் நடக்கும் என்பதால், இந்தப் பகுதி எங்களுக்கு வாராவாரம் தேவைப்படுகிறது. இரண்டு முறை தாமதமாகப் போயிருக்கிறோம், சமாதானமாகிவிட்டு. பின்வரிசையில் இடம் கிடைத்தது.

ஆறாம் படி: துன்ப நாளில் பாடம் தேடாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்.

வீட்டில் சாவு, கொடிய நோய், கருச்சிதைவு, வேலை இழப்பு. இப்படிப்பட்ட நாளில், "இதன்மூலம் கடவுள் உங்களுக்கு என்ன கற்றுத்தருகிறார் என்று பாருங்கள்" என்று சொல்ல யாராவது வருவார்கள். நல்ல மனதோடுதான் வருவார்கள். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபின் சிநேகிதரும் அப்படித்தான் வந்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் தரையில் அவனோடு உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் சரியாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதும் கெட்டது. கடைசி அதிகாரத்தில் கர்த்தருக்குக் கோபம் வருவது கூக்குரலிட்ட யோபின்மேல் அல்ல, விளக்கம் சொன்ன அவர்கள்மேல்.

பிறவிக் குருடனைப் பார்த்து, இது யார் செய்த பாவம், இவனுடையதா, பெற்றோருடையதா என்று சீடர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் இயேசு. சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவரே கேட்டு, அல்ல என்று மறுத்தார். இவ்வளவு தெளிவாக இருந்தும், நோயாளியின் கட்டிலருகே நின்று காரணம் தேடுபவர்கள் குறையவில்லை.

அந்த நாட்களில் வாசிக்கப் புலம்பல் சங்கீதங்கள் இருக்கின்றன. 13-ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று நான்கு முறை கேட்கிறது. 88-ஆம் சங்கீதம் ஆறுதலாக ஒரு வரியும் இல்லாமலே முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். களைத்துப்போனவரிடம் பேசுவதற்கு முன் 1 இராஜாக்கள் 19-ஐ வாசித்துவிடுங்கள். சாக வேண்டும் என்று கேட்டுவிட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் போதனை எதுவும் செய்யவில்லை. சாப்பாடு, தண்ணீர், தூக்கம். மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு. "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி பல நாள் கழித்து, ஓரேப் மலையில்தான் வருகிறது. வீட்டில் ஒருவர் உடைந்து உட்கார்ந்திருக்கும்போது ஒரு தட்டில் சாப்பாட்டை வைத்து, கதவைச் சாத்திவிட்டு வருவது வேதத்தின்படி நடப்பதுதான்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வீட்டில் அடி, மிரட்டல், அத்துமீறல் இருந்தால் அதில் பொறுமைப் பாடம் தேடச் சொல்லி யாரும் உங்களை அனுப்பக் கூடாது. மனைவிகளே கீழ்ப்படியுங்கள் என்ற எபேசியர் 5:22-ஐ மட்டும் அறுத்தெடுத்து நீட்டுபவர்களிடம், அதற்கு முந்தின வசனம் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்வதையும், 25-ஆம் வசனம் கிறிஸ்து தம்மையே கொடுத்தது போலக் கணவன் அன்புகூர வேண்டும் என்று சொல்வதையும் காட்டுங்கள். ஆனால் வாதம் பிறகு. முதலில் பாதுகாப்பான இடம், நம்பிக்கையான ஆள், தேவைப்பட்டால் சட்டத்தின் உதவி.

ஏழாம் படி: நோட்டைத் திரும்பப் படியுங்கள்

வருடத்துக்கு ஒருமுறை, முதல் பக்கத்திலிருந்து. சில பாடங்கள் தவறாக இருந்தது தெரியும். அழிக்காமல் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். சில சம்பவங்களுக்குப் பக்கத்தில் ஒன்றுமே எழுதியிருக்கமாட்டீர்கள். அவற்றில் ஒன்றிரண்டுக்கு இப்போது ஏதாவது புரியலாம்.

எங்கள் நோட்டில் அப்படி ஒரு பக்கம் இருக்கிறது. சாவி தொலைந்த மாலைக்கு அடுத்த நாள் லூக்கா 15-ஐ முடித்தோம். சொத்தில் தன் பங்கை வாங்கிக்கொண்டு வீட்டைவிட்டுப் போன இளைய குமாரன் திரும்பிவிட்டான், விருந்து நடக்கிறது, மூத்தவன் கோபத்தில் உள்ளே வர மறுத்து வெளியே நிற்கிறான். தகப்பன் வெளியே வந்து வருந்தி அழைக்கிறார். அதோடு கதை நின்றுவிடுகிறது. "அண்ணன் உள்ளே போனானா?" என்று எங்கள் இளையவன் கேட்டான். எழுதப்படவில்லை என்றேன். அப்படியானால் நாமே எழுதுவோம் என்று ஆளுக்கு நாலு வரி எழுதினோம். இளையவன் அண்ணனை உள்ளே அனுப்பி நடனமாடவும் வைத்துவிட்டான். கணவர், தகப்பனும் மகனும் வாசற்படியில் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்ததாக எழுதினார். நான் என் பாட்டுக்கு ஏதோ எழுதினேன்.

மூத்தவள் மட்டும் எழுதவில்லை. "யோசித்துச் சொல்கிறேன் அம்மா" என்றாள். அவளுக்காக அரைப் பக்கம் விட்டு வைத்திருக்கிறேன்.